சீயத்துக்குக் கண் தெரியவில்லையா, கண்ணைத் திறக்க முடியவில்லையா?

கேள்வி: கானாடுகாத்தானிலிருந்து எழுதுகிறேன் டாக்டர். கல்லூரியில் முதல் வருடம். லெப்பர்ட் கெக்கோ என்ற வளர்ப்புப் பல்லி ஒன்று, இரண்டு வயது, வளர்க்கிறேன், பெயர் சீயம். பத்து நாளாகப் புழுவை நீட்டினால் அதைக் கவ்வாமல் ஒரு விரல் தள்ளி வெறும் மணலைக் கடிக்கிறது. வலது கண் பாதி மூடியே இருக்கிறது. பகலில் இரண்டு கண்ணுமே மூடியிருக்கிறது. "நம்ம வீட்டுப் பல்லி என்னைக்காச்சும் கண்ணை மூடிப் பார்த்திருக்கியா, இதுக்குக் கண்ணு போச்சுடா" என்கிறார் அப்பத்தா. ஐயாவுக்குக் கண்புரை ஆபரேஷன் ஆனபோது கொடுத்த சொட்டு மருந்து மிச்சம் இருக்கிறது, அதை விடலாமா?

பதில்: தம்பி, கடைசியாகக் கேட்டதற்கு முதலில் சொல்லிவிடுகிறேன். அந்தச் சொட்டு மருந்தை விடவே விடாதீர்கள். கண்புரை ஆபரேஷனுக்குப் பிறகு கொடுக்கும் மருந்தில் பெரும்பாலும் ஸ்டீராய்டு இருக்கும். சீயத்தின் கருவிழியில் மணல் கீறிச் சின்னப் புண் இருந்தால் ஸ்டீராய்டு அதை ஆறவிடாது, புண் ஆழமாகிக் கண்ணே ஓட்டையாகும் அளவுக்குப் போகலாம். அது போக, திறந்து ஒரு மாதம் தாண்டிய சொட்டு மருந்து ஐயாவுக்கே ஆகாது. தூக்கிப் போடுங்கள்.

அப்பத்தா சொன்னதில் பாதி சரி. முற்றத்துத் தூணில் ஒட்டிக்கொண்டிருக்கிறதே பல்லி, அதற்கு இமை கிடையாது, கண்மேல் கண்ணாடி மாதிரி ஒரு தோல்தான், தூசி பட்டால் நாக்கை நீட்டி நக்கித் துடைத்துக்கொள்ளும். கெக்கோக்களில் பெரும்பாலானவை அப்படித்தான். லெப்பர்ட் கெக்கோ வேறு கிளை, அதற்கு நம்மைப் போல மூடித் திறக்கும் இமை உண்டு, அந்தியிலும் இரவிலும் நடமாடும், பகலில் கண்ணை மூடித் தூங்கும். அதனால் பகலில் இரண்டு கண்ணும் மூடியிருப்பதை விட்டுவிடுங்கள். விளக்கு வைக்கும் நேரத்துக்குப் பிறகும் வலது கண் மட்டும் பாதி மூடியிருக்கிறது என்றால், அதுதான் விஷயம்.

புழுவைத் தவறவிடுவதும் லேசான விஷயமில்லை. ஹெல்மெட் கெக்கோ என்ற இனத்தை ஆராய்ந்து 2004-ல் வெளியான கட்டுரையில், மங்கலான வெளிச்சத்தில் நிறம் பார்க்கும் திறன் நம் கண்ணைவிட அதற்குச் சுமார் 350 மடங்கு அதிகம் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். இருட்டில் வேட்டையாடும் கூட்டம் இது. ஒருமுறை இருமுறை குறி தப்பினால் பரவாயில்லை, சட்டை உரிக்கும் நாட்களில் தப்பும்தான். பத்து நாள் தொடர்ந்து தப்பினால் பார்த்தே ஆக வேண்டும். ஆனால் உடனே "குருடு" என்று முடிவு கட்டவும் வேண்டாம். நானே ஒருமுறை அப்படி நினைத்து ஏமாந்திருக்கிறேன். இரண்டு கண்ணும் தெரியவில்லை என்று கொண்டுவந்த ஒரு கெக்கோவின் இமைக்குள்ளிருந்து போன தடவை உரித்த சட்டையின் துண்டு, வெங்காயச் சருகு மாதிரி, இரண்டு பக்கமும் வந்தது. எடுத்த மறுநாளே புழு பிடித்தது.

உங்கள் கதையும் அதுவாகத்தான் இருக்கும் என்பது என் சந்தேகம். வெயில் காலத்தில் உங்கள் பக்கத்துக் காற்று காய்ந்து கிடக்கும், போதாக்குறைக்கு ஏசி ரூமில் தொட்டியை வைத்திருந்தால் சட்டை சரியாக உரியாது, இமைக்குள்ளும் விரல் நுனியிலும் ஒட்டிக்கொள்ளும். விரல்களைப் பாருங்கள், மோதிரம் போட்ட மாதிரி வெள்ளையாகத் தோல் சுற்றியிருந்தால் கண்ணிலும் இருக்க வாய்ப்பு அதிகம்.

பார்வை இருக்கிறதா என்று வீட்டிலேயே ஓரளவு சோதிக்கலாம். முகத்துக்கு முன்னால் கையை ஆட்டிப் பார்ப்பது உதவாது, காற்று பட்டாலே அது திரும்பும். ஒரு கண்ணாடிப் பாட்டிலில் புழுவைப் போட்டு இறுக மூடுங்கள். வாசனையும் போகக் கூடாது, சத்தமும் கேட்கக் கூடாது, அதற்குத்தான் பாட்டில். இருட்டிய பிறகு மங்கலான வெளிச்சத்தில் தொட்டிக்கு வெளியே, முதலில் இடது பக்கமாக, அப்புறம் வலது பக்கமாக மெதுவாக நகர்த்துங்கள். தலை கூடவே திரும்பினால் அந்தப் பக்கத்துக் கண் வேலை செய்கிறது. இடது பக்கம் திரும்பி வலது பக்கம் கண்டுகொள்ளவில்லை என்றால் ஒரு கண்ணில் மட்டும் கோளாறு, தூரத்தைக் கணிக்க முடியாமல் ஒரு விரல் தள்ளிக் கடிப்பதற்கு அதுவே போதும். டார்ச் அடித்துக் கண்மணி சுருங்குகிறதா என்று பார்க்காதீர்கள், இந்த ஜீவன்களால் அதைத் தம் இஷ்டப்படி ஓரளவு சுருக்கவும் விரிக்கவும் முடியும் என்பதால் அதை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது.

அப்புறம் விழியையே உற்றுப் பாருங்கள். சட்டை உரிக்கும் முன் உடம்பு வெளுக்கும், ஆனால் லெப்பர்ட் கெக்கோவின் விழி வெளுக்கக் கூடாது. பாம்புக்குத்தான் அது சகஜம். விழி பால் மாதிரி மங்கியிருந்தாலோ, இமை வீங்கியிருந்தாலோ, ஓரத்தில் பனீர்த் துண்டு மாதிரி கெட்டியாகச் சீழ் இருந்தாலோ (ஊர்வனவற்றின் சீழ் தண்ணீராக ஒழுகாது) காத்திருக்க வேண்டாம். தலையைச் சாய்த்துக்கொண்டு வட்டமடிக்கிறதா என்றும் கவனியுங்கள். எனிக்மா என்ற நிறவகையில் பிறவியிலேயே நரம்புக் கோளாறு வரும், புழுவைத் தவறவிடும், கண்ணில் ஒன்றும் இருக்காது. அல்பினோ வகை என்றால் வெளிச்சத்தில் கண்ணைச் சுருக்கும், அதற்கு வெளிச்சத்தைக் குறைத்தாலே போதும்.

இன்றைக்கே செய்ய வேண்டியது, மணலை முழுதாக அள்ளிவிட்டு டிஷ்யூ பேப்பர் விரிப்பது. பின்னால் டைல் போடலாம், வழுக்காத செராமிக் டைல். ஆத்தங்குடிக் கல்லைப் பெருமைக்காக உள்ளே வைக்காதீர்கள், அது சிமென்ட், ஈரத்தை உறிஞ்சும். ஒரு பிளாஸ்டிக் டப்பாவில் ஓட்டை போட்டு ஈரத் தேங்காய் நார்த்தூள் நிரப்பி உள்ளே வையுங்கள், சட்டை உரிக்க அது போய் உட்கார்ந்துகொள்ளும். மருந்துக்கடையில் நார்மல் சலைன் வாங்கி, வெதுவெதுப்பாக்கி, மூடிய கண்மேல் சொட்டுச் சொட்டாக ஐந்து நிமிடம் விடுங்கள், நாளைக்கு இரண்டு தடவை. தோல் தானாக நழுவி வெளியே வந்தால் ஈரமான பட்ஸால் தொட்டு எடுக்கலாம். இடுக்கியை இமைக்குள் விடக் கூடாது.

இரண்டு நாளில் கண் முழுதாகத் திறக்கவில்லை என்றால் மருத்துவரிடம் போங்கள். உங்கள் பக்கத்திலிருந்து ஒரத்தநாடு கால்நடை மருத்துவக் கல்லூரிக்குப் போகலாம், ஊர்வன பார்ப்பவர் இருக்கிறாரா என்று போனில் கேட்டுவிட்டுப் புறப்படுங்கள். கண்ணில் ஆரஞ்சு நிறச் சாயம் ஒரு சொட்டு விட்டு நீல வெளிச்சத்தில் பார்ப்பார்கள், கருவிழியில் புண் இருந்தால் அந்த இடம் பச்சையாக மின்னும். வைட்டமின் ஏ குறைவாலும் கண் இப்படி வீங்கும், அதனால் என்ன தீனி போடுகிறீர்கள் என்று கேட்பார்கள். காரட் தின்ற புழுவை மட்டும் நம்பி இருக்க முடியாது, ரெட்டினால் (நேரடி வைட்டமின் ஏ) உள்ள பவுடர் அளவோடு வேண்டும். அளவை அவர்தான் சொல்ல வேண்டும், அதிகமானால் தோலே உரிந்துவிடும்.

ஒரு கண் நிஜமாகவே போயிருந்தாலும் சீயம் பல வருடம் நன்றாக இருக்கும். நாக்கால் நக்கி வாசனை பிடித்தே இரை தேடிக்கொள்ளும். புழுவை இடுக்கியில் பிடித்து உதட்டில் லேசாகத் தொடுங்கள், தொட்டியில் தண்ணீர்க் கிண்ணத்தையும் பொந்தையும் இடம் மாற்றாதீர்கள், கிரிக்கெட் பூச்சியை ராத்திரி உள்ளே விட்டுவைக்காதீர்கள், அது கண்ணைக் கடிக்கும். வாலை வாரம் ஒருமுறை போட்டோ எடுங்கள், கொழுப்பு அங்கேதான் சேரும், மெலிந்தால் சாப்பாடு போதவில்லை.

ஆஸ்பத்திரி மேசையில் வைத்தால் பயத்தில் எந்தப் பல்லியும் கல் மாதிரி உட்கார்ந்துவிடும், டாக்டரால் ஒன்றும் கண்டுபிடிக்க முடியாது. அதனால் இன்றைக்கு ராத்திரியே, அது புழுவைக் கடிக்கப் பாய்ந்து தவறவிடுவதை ஒரு நிமிடம் வீடியோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். மேலே இருந்து எடுங்கள், கண்ணும் புழுவும் ஒரே படத்தில் தெரிய வேண்டும்.