செப்டம்பர் கடைசில அப்பா அம்மாவோட துருக்கி ஃபெத்தியேக்கு 5 நாள் போறோம், எங்க தங்கறது, எதுல கவனமா இருக்கணும்? அம்மா சுத்த சைவம்

நான் ரெண்டு தடவ போயிருக்கேன், ரெண்டாவது தடவ மாமனார் மாமியாரோட, மாமியாரும் முட்டை கூட தொடமாட்டாங்க. அதனால இந்தக் கேள்விய பாத்ததும் எழுதிடணும்னு தோணுச்சு.

முதல்ல விசா. இந்தியன் பாஸ்போர்ட்டுக்கு ஈ-விசா எல்லாருக்கும் கிடைக்காது, அமெரிக்கா, பிரிட்டன், அயர்லாந்து, இல்ல ஷெங்கன் (கிரீஸ் மாதிரி ஐரோப்பிய நாடுகளுக்குப் பொதுவானது) விசாவோ ரெசிடென்ஸ் பர்மிட்டோ செல்லுபடியா கையில இருந்தாத்தான். இல்லன்னா பாஸ்போர்ட்ல ஒட்டித் தர்ற ஸ்டிக்கர் விசாதான், அதுக்கு நேரம் விட்டு அப்ளை பண்ணுங்க. அந்த ஈ-விசா ஒரு தடவ நுழையறதுக்கு மட்டும்தான். இத ஏன் சொல்றேன்னா ஃபெத்தியே துறைமுகத்துல கிரீஸோட ரோட்ஸ் தீவுக்கு படகு டிக்கெட்னு போர்டு பாப்பீங்க, ஷெங்கன் இருக்கேன்னு ஆசைப்பட்டு போயிட்டா திரும்ப துருக்கிக்குள்ள வர இன்னொரு விசா வேணும்.

தங்கறது ஃபெத்தியே ஊருக்குள்ளயே தங்குங்க, இதுதான் நான் சொல்றதுலயே முக்கியமானது. போட்டோவுல பாக்கற அந்த நீலத் தண்ணி ஒலுதெனிஸ்ல இருக்கு, அதனால எல்லாரும் அந்தப் பக்கமே ரூம் போடறாங்க, நானும் முதல் தடவ அப்படித்தான் மேல ஹிசரோனு பக்கம் போட்டேன், ராத்திரி ஒரு மணி வரைக்கும் பார் சத்தம், சாப்பாட்டுக் கடையெல்லாம் பிரிட்டிஷ் டூரிஸ்டுக்கு ஏத்த மாதிரி, வயசானவங்களுக்கு சரிப்படாது. ஃபெத்தியேல சாயங்காலம் துறைமுகத்த ஒட்டி நீளமா நடக்கலாம், உக்கார பெஞ்ச் இருக்கு, உள்ளூர்க்காரங்களும் குடும்பத்தோட வந்து டீ குடிச்சுட்டு உக்காந்திருப்பாங்க. ரூம் போடும்போது மேடு இல்லாத இடமான்னு மேப்ல பாத்துக்கோங்க, ஏன்னா ஊரு மலைச்சரிவுல ஏறுது. தலமான் ஏர்போர்ட்ல இருந்து சுமார் 50 கிலோமீட்டர், வாசல்லயே பஸ் கிடைக்கும், நேரா பஸ் ஸ்டாண்டுல கொண்டு விட்டுடும்.

ஊருக்குள்ள சுத்த டாக்ஸி வேண்டாம், டால்முஷ்னு மினிபஸ் இருக்கு, நம்ம ஷேர் ஆட்டோ மாதிரி, கை காட்டினா நிக்கும். ஒலுதெனிஸ், கயாகோய், சாலிஷ் பீச் எல்லாத்துக்கும் இதுலயே போயிடலாம். இறங்கணும்னா "இனெஜெக் வார்"னு சொல்லுங்க, இறங்கற ஆள் இருக்குன்னு அர்த்தம், என் மாமனார் அத ஒரே நாள்ல கத்துக்கிட்டு ஒவ்வொரு தடவையும் அவரே சொல்லுவார், டிரைவருங்களுக்கு அவ்ளோ சந்தோஷம். கையில சில்லறை லிரா வச்சுக்கோங்க. ஏடிஎம்லயோ கார்டு மெஷின்லயோ ரூபாயா லிராவான்னு கேட்டா லிரா மட்டும் அமுக்குங்க, ரூபாய்னு குடுத்தா அவங்க வைக்கற ரேட்தான்.

சாப்பாடு. அம்மாவுக்கு கஷ்டம் வராது, ஆனா ஒண்ணு, "எத்"னா இறைச்சி, ஆனா நெறைய பேரு அதுல கோழிய சேக்கறதில்ல! எத் இல்லன்னு மட்டும் சொன்னா கோழி போட்டது வந்துடும். அதனால "எத் யோக், தாவுக் யோக், பாலுக் யோக்"னு மூணும் சொல்லணும், இறைச்சி கோழி மீன் எதுவும் வேண்டாம்னு. பருப்பு சூப்பும் புல்குர் கோதுமை சாதமும் பாத்தா சைவமா தெரியும், சில கடைல எலும்பு வேகவச்ச தண்ணில செய்வாங்க, கேட்டுட்டு வாங்குங்க. பயமே இல்லாம சாப்பிடக்கூடியது கொஸ்லெமே, மெல்லிசா தேச்ச மாவுக்குள்ள கீரையோ உருளைக்கிழங்கோ சீஸோ வச்சு கல்லுல சுடறது, செவ்வாய்க்கிழமை சந்தைல அம்மாங்க உக்காந்து கண்ணு முன்னாடியே தேச்சுக் குடுப்பாங்க. உங்க 5 நாள்ல ஒரு செவ்வாய் வர்ற மாதிரி வச்சுக்கோங்க, அத்திப்பழம், ஆலிவ், சீஸுன்னு அந்தச் சந்தையே ஒரு அரை நாள் பிடிக்கும். "ஜெய்தின்யாலி"னு கேட்டா ஆலிவ் எண்ணெய்ல செஞ்ச காய்கறி, ஆறவச்சுத் தருவாங்க. கூட அய்ரான், அது உப்பு போட்ட மோரேதான். உங்களுக்கும் அப்பாவுக்கும் மீன் பிடிக்கும்னா ஊரு நடுவுல மீன் சந்தை இருக்கு, மீன நீங்களே எடைபோட்டு வாங்கி சுத்தி இருக்கற கடைல குடுத்தா கூலி வாங்கிட்டு சமைச்சுத் தருவாங்க.

கடல் பத்தி. ஒலுதெனிஸ்ல பெரிய பீச் பெல்ஜெகிஸ், கூழாங்கல்லு, ரெண்டு அடி வச்சா சட்டுனு ஆழம், பெரியவங்கள அங்க இறக்காதீங்க. பக்கத்துல கும்புர்னுன்னு டிக்கெட் வாங்கி உள்ள போற லகூன், அதாவது காயல் மாதிரி ஒதுங்கின கடல், அந்தப் பக்கம் அலையே இருக்காது, அங்க போங்க. ரப்பர் செருப்பு கண்டிப்பா. பாராகிளைடிங் 1,969 மீட்டர் பாபாதா மலைல இருந்து, நீங்க பறக்கறதா இருந்தா போட்டோ வீடியோ காசு சேத்துதானான்னு முன்னாடியே கேளுங்க, காத்து சரியில்லன்னு நிறுத்தினா வற்புறுத்தாதீங்க. அப்பா அம்மாவுக்கு அதே மலைக்கு கேபிள் கார் இருக்கு, 2021ல திறந்தாங்க, மேல குளிரும், ஸ்வெட்டர் எடுத்துக்கோங்க. பன்னிரண்டு தீவு படகு டூர்ல பெரிய படகுன்னா பாட்டு சத்தம் காதப் பிளக்கும், நேர்ல போய் பாத்து சின்ன படகா எடுங்க. பட்டாம்பூச்சிப் பள்ளத்தாக்குக்கு படகுல மட்டும் போங்க, ஃபரால்யா ஊர்ல இருந்து இறங்கற பாறைப் பாதைல ஆளுங்க விழுந்து செத்திருக்காங்க, யாரு ஈஸின்னு சொன்னாலும் கேக்காதீங்க.

ஊருக்கு மேல பாறைல குடைஞ்ச அமிந்தாஸ் கல்லறை தெரியும், கிமு 4ஆம் நூற்றாண்டு, அப்போ இந்தப் பகுதில வாழ்ந்த லிசியன் மக்களோட காலத்தது, படி நெறைய, வெயில் தாழ போங்க. முட்டி வலின்னா கீழ இருந்தே நல்லா தெரியும். 1957 நிலநடுக்கத்துல ஊரே இடிஞ்சு திரும்பக் கட்டினது, அதனால பழைய வீடுங்க அதிகம் பாக்க முடியாது, ஆனா தெரு ஓரத்துலயே லிசியன் கல் சவப்பெட்டி நிக்கும்.

ஒரு சாயங்காலம் முழுசா கயாகோய்க்கு ஒதுக்கிடுங்க, மத்தது எத விட்டாலும் இத விடாதீங்க. லெவிஸ்ஸின்னு கிரேக்கர்கள் வாழ்ந்த ஊரு, 1923ல கிரீஸும் துருக்கியும் மக்கள மாத்திக்கிட்டப்போ காலியாச்சு, கிரீஸ்ல இருந்து வந்தவங்களும் இங்க நிலைக்கல. இப்ப மலைச்சரிவு முழுக்க நூத்துக்கணக்கான வீடு, கூரை இல்ல, ஜன்னல் இல்ல, அடுப்பு இருந்த குழி மட்டும் அப்படியே இருக்கு. ஒரு வீடு இன்னொரு வீட்டு வெளிச்சத்த மறைக்காத மாதிரி கட்டியிருக்காங்க. என் மாமியார் ஒரு வாசப்படில உக்காந்து ரொம்ப நேரம் எழுந்திருக்கவே இல்ல, இந்த வீட்டுப் பொம்பள கிளம்பும்போது எத எடுத்துட்டுப் போயிருப்பான்னு கேட்டாங்க, எனக்கு பதில் வரல. கல்லு வழுக்கும், அம்மாவுக்கு பிடிப்பான ஷூ போடுங்க, கீழ இருக்கற சர்ச் வரைக்கும் போனாலே போதும். போகும்போதே டிரைவர்கிட்ட கடைசி டால்முஷ் எத்தன மணிக்குன்னு கேட்டு வச்சுக்கோங்க, செப்டம்பர் கடைசில சீக்கிரமே இருட்டிடும்.