மெயின் குரூப் வேதியியலும் நிதி விண்ணப்பமும் – கடிதம்

அன்புள்ள ஐயா,

முதுகலை வேதியியல் முடித்துவிட்டு முனைவர் பட்டத்துக்கு இடம் தேடிக்கொண்டிருக்கிறேன். போரான், சிலிக்கான், பாஸ்பரஸ் போன்ற தனிமங்களை ஆராயும் மெயின் குரூப் வேதியியலில் ஆர்வம். ஆனால் இந்தத் துறையின் மூத்த பேராசிரியர்கள் வெளியிட்ட கட்டுரைகளை வரிசையாகப் பார்த்தால் ஒன்று உறுத்துகிறது. பாதி வாழ்க்கை வரை விசித்திரமான பிணைப்புகள். அப்புறம் திடீரென்று எல்லாமே சஸ்டெயினபிலிட்டி (வளங்களைத் தீர்த்துவிடாத, சூழலைக் கெடுக்காத வழி). செய்கிற வேலை ஏறக்குறைய அதேதான். நிதிக்காகத் தலைப்பை மட்டும் மாற்றிக்கொள்கிறார்களா? இதை நம்பி ஐந்தாறு வருடம் கொடுக்கலாமா?

ஆர்.

அன்புள்ள ஆர்.,

நிதிக்காகவும்தான். எந்தச் சொல்லைப் போட்டால் மதிப்பீட்டுக் குழு அடுத்த பக்கத்தைப் புரட்டும் என்பது விண்ணப்பம் எழுதிப் பழகிய எல்லாருக்கும் தெரியும். ஆனால் இந்தத் துறையில் தலைப்பு மாறியதற்கு முன்பே வேதியியல் மாறிவிட்டது.

கார்பன், நைட்ரஜன் வரிசைக்குக் கீழே இருக்கும் தனிமங்கள் தங்களுக்குள் இரட்டைப் பிணைப்பு அமைக்காது என்பது நெடுங்காலம் பாடப்புத்தக விதியாக இருந்தது. 1981இல் அமெரிக்காவில் ராபர்ட் வெஸ்ட் குழு சிலிக்கான்களுக்கு இடையிலும், ஜப்பானில் மசாகி யோஷிஃபுஜி குழு பாஸ்பரஸ்களுக்கு இடையிலும் நிலையான இரட்டைப் பிணைப்பை உண்டாக்கிக் காட்டின. இருவரும் செய்தது ஒன்றுதான். பிணைப்பைச் சுற்றிப் பருமனான கார்பன் தொகுதிகளை வைத்து, இன்னொரு மூலக்கூறு நெருங்க முடியாமல் செய்தார்கள். சுற்றுச்சூழல் பற்றி அன்று யாரும் பேசவில்லை. முடியாது என்றதை முடித்துக் காட்டும் ஆசைதான்.

இப்படிப் பிறந்த சேர்மங்களில் எலக்ட்ரான் நிரம்பிய ஆற்றல் மட்டத்துக்கும் காலியான மட்டத்துக்கும் இடைவெளி குறைவு. பல்லேடியம் போன்ற இடைநிலை உலோகங்களுக்கும் அதே குணம் உண்டு. அப்படியானால் உலோகங்கள் செய்வதை இவையும் செய்ய வேண்டுமே? செய்தன. அசிட்டிலினில் கார்பன் இருக்கும் இடத்தில் ஜெர்மானியத்தை வைத்த ஒரு சேர்மம் சாதாரண அறை வெப்பநிலையில், சாதாரண அழுத்தத்தில் ஹைட்ரஜன் வாயுவோடு வினைபுரிவதை 2005இல் பிலிப் பவர் குழு காட்டியது. மறு வருடம் கனடாவில் டக்ளஸ் ஸ்டீஃபன் குழு, போரானும் பாஸ்பரஸும் ஒரே மூலக்கூறில் இருந்தும் ஒன்றையொன்று தொட முடியாத ஒரு சேர்மத்தை வெளியிட்டது. அது ஹைட்ரஜனைப் பிளந்து வைத்துக்கொள்கிறது, சூடாக்கினால் திருப்பிக் கொடுத்துவிடுகிறது. உலோகமே இல்லாமல்! நீங்கள் பார்க்கும் அந்தத் திடீர் திருப்பத்துக்குப் பின்னால் இருப்பது பெரும்பாலும் இந்த இரண்டு வருடங்கள்தான்.

சரி, உபயோகம் உண்டா என்கிறீர்கள். வினையூக்கியாக, அதாவது தான் தீராமல் வினையை வேகப்படுத்தும் பொருளாக, பயன்படும் பல்லேடியம், ரோடியம், இரிடியம் எல்லாம் பூமியில் மிக அரிது. புவி மேலோட்டின் எடையில் சிலிக்கான் சுமார் 28 சதவீதம், அலுமினியம் 8 சதவீதம். விண்ணப்பங்களின் முதல் பத்தியில் இந்தக் கணக்குதான் இருக்கும். எனக்கு இந்த வாதத்தில் பாதி நம்பிக்கைதான். தாதுவிலிருந்து அலுமினியத்தைப் பிரிக்க எவ்வளவு மின்சாரம் வேண்டும் என்பது உங்களுக்கே தெரியும். ஹைட்ரஜனைப் பிளக்கும் ஆய்வுகளில் அடிக்கடி வரும், போரானை மையமாகக் கொண்ட லூயிஸ் அமிலத்தை (எலக்ட்ரான் ஜோடியை வாங்கிக்கொள்ளும் சேர்மம்) எடுத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு மூலக்கூறிலும் 15 ஃப்ளூரின் அணுக்கள். போரான் மலிவு, ஆனால் அந்த அமிலம் மலிவில்லை.

இதைவிடப் பெரிய சிக்கல் வினைச்சுற்றில் இருக்கிறது. பல்லேடியம் வினையில் இறங்கி, வேலையை முடித்து, விளைபொருளை விட்டுவிட்டுப் பழைய நிலைக்குத் திரும்பிவிடும். அதன் மதிப்பே அதுதான். சிலிக்கானும் அலுமினியமும் ஆர்வமாகப் பிடித்துக்கொள்ளும், விடாது. குறிப்பாக ஆக்சிஜன் கிடைத்துவிட்டால் முடிந்தது கதை, அந்தப் பிணைப்பு அவ்வளவு வலுவானது. அதனால் எத்தனையோ அழகான கட்டுரைகள் ஒரே ஒரு தடவை நடக்கும் வினையோடு நின்றுவிடுகின்றன. அது நல்ல வேதியியல். ஆனால் வினையூக்கி என்று சொல்லிக்கொள்ள முடியாது.

என்னைக் கேட்டால், சஸ்டெயினபிலிட்டி என்ற சொல்லுக்கு இந்தத் துறையில் அதிக உரிமை உள்ள இடம் பாஸ்பரஸ். பயிருக்கு அதற்கு மாற்றே கிடையாது. தோண்டியெடுக்கும் பாஸ்பேட் பாறையில் பெரும்பகுதி உரமாகப் போகிறது, அதில் கணிசமான பங்கு ஆற்றிலும் கடலிலும் கலந்துவிடுகிறது. உலகக் கையிருப்பில் சுமார் 70 சதவீதம் மொராக்கோ, மேற்கு சஹாரா பகுதியில் இருக்கிறது. ஐரோப்பிய ஒன்றியம் 2014இல் பாஸ்பேட் பாறையையும் 2017இல் பாஸ்பரஸ் தனிமத்தின் ஒரு வடிவமான வெள்ளைப் பாஸ்பரஸையும் நெருக்கடி மூலப்பொருள் பட்டியலில் சேர்த்ததில் ஆச்சரியமில்லை.

வெள்ளைப் பாஸ்பரஸ் தனிக் கதை. பாறையைக் கரியோடு மின் உலையில் 1,500 டிகிரி செல்சியஸ் அளவுக்குச் சூடாக்கி அதை எடுக்கிறார்கள். அப்புறம் குளோரின் ஏற்றி, பிறகு அந்தக் குளோரினையும் நீக்கித்தான் பல பாஸ்பரஸ் சேர்மங்கள் உருவாகின்றன. இந்தச் சுற்றுவழியே வேண்டாம் என்று 2018இல் எம்ஐடியில் கிறிஸ்டோஃபர் கம்மின்ஸ் குழு ஒரு பாதை காட்டியது. பாஸ்பேட்டை டிரைகுளோரோசிலேன் என்ற சிலிக்கான் சேர்மத்தோடு சேர்த்து, வெள்ளைப் பாஸ்பரஸைத் தொடாமலே பாஸ்பரஸ் சேர்மங்களுக்குப் போகலாம். டிரைகுளோரோசிலேன் தயாரிக்கவும் ஆற்றல் செலவாகும், அதையும் கணக்கில் சேர்க்க வேண்டும். ஆனாலும் இந்த வயதில் எனக்கு ஒரு வாய்ப்பு கிடைத்தால் இந்தப் பக்கம்தான் போவேன். போனஸாக, இயற்கையில் கிடைக்கும் பாஸ்பரஸ் முழுக்க ஒரே ஐசோடோப்தான். என்எம்ஆரில் (அணுக்கருக்களைக் காந்தப்புலத்தில் வைத்து மூலக்கூறை அறியும் சோதனை) அவ்வளவு சுத்தமாகத் தெரியும், கண்ணுக்கு விருந்து.

ஐந்தாறு வருடம் கொடுக்கலாம். காற்றும் ஈரமும் புகாத கிளவ்பாக்ஸ் பெட்டிக்குள் கையை விட்டுக்கொண்டு, துளி ஈரம் பட்டால் பாழாகும் படிகத்துக்காகக் காத்திருக்கும் பொறுமை இருந்தால். நேர்காணலுக்குப் போகும்போது பேராசிரியரிடம் இரண்டு கேள்வி கேளுங்கள். உங்கள் வினையூக்கி எத்தனை சுற்று ஓடுகிறது? அதன் மூலப்பொருள் எங்கிருந்து, எந்த வழியாக வருகிறது? “ஒரு சுற்றுகூட முழுதாக ஓடவில்லை, ஏன் என்றுதான் பார்த்துக்கொண்டிருக்கிறோம்” என்று பதில் வந்தால் தாராளமாகச் சேருங்கள். பதிலுக்குப் பதிலாகத் தனிம வரிசை அட்டவணையைப் பச்சை வண்ணத்தில் போட்ட ஸ்லைடு வந்தால், அடுத்த ஆய்வகத்தையும் ஒரு தடவை பார்த்துவிடுங்கள்.