தொடர் விடுமுறைக்குக் காடு: பிள்ளைகளோடு தேசியப் பூங்கா போகிறவர்களின் கேள்விகளுக்குப் பதில்

என் பிள்ளைகள் கைக்குழந்தையாக இருந்த நாளிலிருந்து அவர்களைத் தூக்கிக்கொண்டு காடு காடாகப் போய்வருகிறேன். அடுத்த தொடர் விடுமுறையில் காடு சார்ந்த தேசியப் பூங்காவுக்குக் குடும்பத்தோடு போகலாமா, எப்படித் திட்டமிடுவது என்று நிறைய பேர் கேட்டிருந்தீர்கள். ஒவ்வொன்றாகச் சொல்கிறேன்.

கேள்வி: அக்கா, மூன்று நாள் இருக்கிறது. பார்க்க வேண்டியவை என்று ஒன்பது இடங்களைக் குறித்து வைத்திருக்கிறேன். பிள்ளைகளுக்கு ஆறு வயது, மூன்று வயது. முடியுமா?

ஒன்பதையும் கார் சன்னல் வழியாகப் பார்த்துவிடலாம். காட்டைப் பார்த்ததாக ஆகாது. முதல் நாளிலும் கடைசி நாளிலும் பாதி பயணத்திலேயே போய்விடும், முழுசாகக் கையில் இருப்பது நடுநாள் ஒன்றுதான். அந்தக் காலைப் பொழுதுக்கு ஒரே ஒரு பாதையைத் தேர்ந்தெடுங்கள். மதியம் தூக்கம். சாயங்காலம் தண்ணீர் இருக்கும் இடமாகப் பார்த்துச் சும்மா உட்காருங்கள். முதல் நாள் மாலை தங்குமிடத்தைச் சுற்றி ஒரு நடை போதும். மூன்றாம் நாள் காலையில், பிள்ளைகளுக்கு எந்த இடம் பிடித்ததோ அங்கேயே மறுபடி போங்கள். பார்த்ததையே திரும்பப் பார்ப்பதில் நமக்குத்தான் அலுப்பு, அவர்களுக்கு இல்லை.

என் மகனுக்கு நாலு வயதில் ஒரு பெரிய அருவியைக் காட்டக் கூட்டிப்போனேன். பாதி வழியில் விழுந்து கிடந்த ஒரு மரத்தடியில் உட்கார்ந்துவிட்டான். ஈரப் பட்டையை விரலால் நெம்பினால் உள்ளே மரவட்டை. தொட்டதும் சுருண்டுகொள்ளும். அது எப்போது விரியும் என்று மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருப்பான், விரிந்ததும் மறுபடி தொடுவான். முக்கால் மணி நேரம் இதே வேலை. அருவிக்குப் போகவே இல்லை. இன்றைக்கும் அந்தப் பயணத்தில் அவனுக்கு ஞாபகம் இருப்பது அந்த மரவட்டைதான்.

கேள்வி: பிள்ளைகளால் எவ்வளவு தூரம் நடக்க முடியும் என்று எப்படிக் கணக்குப் போடுவது?

மலையேறுகிறவர்கள் இன்றும் சொல்லும் பழைய கணக்கு ஒன்று உண்டு. ஸ்காட்லாந்தைச் சேர்ந்த நெய்ஸ்மித் என்ற மலையேற்றக்காரர் 1892-ல் சொன்னது: 5 கிலோமீட்டருக்கு ஒரு மணி நேரம், 600 மீட்டர் ஏற்றத்துக்கு இன்னொரு மணி நேரம். இது நல்ல தெம்பான பெரியவர்களுக்கானது. நாலைந்து வயதுப் பிள்ளை கூட வந்தால் நான் இதை மூன்றால் பெருக்கிக்கொள்வேன். போக எவ்வளவு, வர எவ்வளவு என்று முதலிலேயே பிரித்து, திரும்ப வேண்டிய நேரத்துக்குக் கடிகாரத்தில் அலாரம் வைத்துவிடுங்கள். மணி அடித்தால் எங்கே இருந்தாலும் திரும்பிவிட வேண்டும். அடர்ந்த மரங்களுக்கடியில் சூரியன் மறைவதற்கு வெகு முன்பே இருட்டத் தொடங்கிவிடும் என்பதையும் கணக்கில் வையுங்கள்.

கேள்வி: விலங்குகளைப் பார்த்தே ஆக வேண்டும் என்று மகள் ஒற்றைக் காலில் நிற்கிறாள். எங்கே, எப்போது பார்க்கலாம்? எவ்வளவு பக்கத்தில் போகலாம்?

நிச்சயம் பார்க்கலாம் என்று வாக்குக் கொடுக்காதீர்கள். விடியற்காலையும் அந்தி நேரமும்தான் பல விலங்குகள் நடமாடும் பொழுது. நடுக்காட்டைவிடக் காடும் புல்வெளியும் சேரும் ஓரங்களிலும் நீர்நிலைகளின் பக்கத்திலும் கண்ணில் படும் வாய்ப்பு அதிகம். காலடித் தடம், எச்சம், மரத்தில் நகக்கீறல், உதிர்ந்த இறகு, இவற்றைத் தேடச் சொல்லிக் கொடுங்கள். சேற்றில் பதிந்த ஒரு குளம்புத் தடத்தைப் பார்த்து, இது எந்தப் பக்கம் போயிருக்கும் என்று பிள்ளை யோசிக்க ஆரம்பித்தால் வந்த வேலை முடிந்தது.

தூரம் பூங்காவுக்குப் பூங்கா மாறும். உலகின் முதல் தேசியப் பூங்காவான அமெரிக்காவின் யெல்லோஸ்டோனில் (1872) கரடி, ஓநாய் என்றால் சுமார் 91 மீட்டர், காட்டெருமை போன்ற மற்றவை என்றால் சுமார் 23 மீட்டர் தள்ளி நிற்க வேண்டும் என்பது விதி. பிள்ளைகளுக்குப் புரிய ஒரு வழி இருக்கிறது. கையை நீட்டி, ஒரு கண்ணை மூடி, கட்டைவிரலை உயர்த்திப் பார்க்கச் சொல்லுங்கள். விரல் அந்த விலங்கை முழுசாக மறைக்காவிட்டால், நாம் ரொம்பப் பக்கத்தில் நிற்கிறோம். பின்வாங்க வேண்டியதுதான்.

கேள்வி: பூங்காவுக்கு உள்ளே தங்குவதா, வெளியிலா?

இடம் கிடைத்தால் உள்ளே. கிடைக்காவிட்டால் எந்த நுழைவாயில் வழியாகப் போகப் போகிறீர்களோ அதற்குப் பக்கத்தில். ஒருமுறை ‘பூங்காவுக்கு அருகில்’ என்று போட்டிருந்ததை நம்பி அறை எடுத்தேன். எல்லைக்கு அருகில்தான், ஆனால் வாயிலுக்குப் போக ஒன்றேகால் மணி நேரம். மூன்று விடியலும் சாலையிலேயே போயிற்று. பெரிய பூங்காக்களில் வாயில்கள் பல இருக்கும், ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குக் காட்டைச் சுற்றிக்கொண்டு போக வேண்டிவரும். தொடர் விடுமுறையில் ஒரு நாளைக்கு இத்தனை பேர், இத்தனை வண்டி என்று வரம்பு வைக்கும் பூங்காக்களும் உண்டு. அறைக்கு முன்பதிவு செய்யும்போதே நுழைவு அனுமதியையும் பார்த்துவிடுங்கள்.

கேள்வி: எனக்கு ஒரே பயம்தான். பிள்ளை காட்டில் தொலைந்துபோனால்?

இந்தக் கேள்வியை எல்லாரும் கேட்க வேண்டும். எனக்கே நடந்தது. மகளுக்கு ஐந்து வயது. நான் குனிந்து ஷூ கயிறு கட்டி நிமிர்வதற்குள் வளைவில் திரும்பிவிட்டாள். அங்கே பாதை இரண்டாகப் பிரிகிறது. கூப்பிட்டேன், பதில் இல்லை. நாலு நிமிஷம்தான் இருக்கும். விசில் சத்தம் கேட்டது. முதல் நாள் ராத்திரி அறையில் ஊதி ஊதி எங்கள் காதைக் கிழித்த அதே விசில். ஒரு மரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள். அழவில்லை. நான்தான் அழுதேன்.

1981-ல் அமெரிக்காவின் கலிஃபோர்னியாவில் ஒரு சிறுவன் மலைக்காட்டில் வழிதவறி இறந்துபோன பிறகு, தேடுதல் பணியில் இருந்தவர்கள் பிள்ளைகளுக்காக ஒரு பயிற்சியைத் தொடங்கினார்கள். அதன் சாரம் இதுதான்: தொலைந்துவிட்டோம் என்று தெரிந்த நொடியே நின்றுவிடு, ஒரு மரத்தைக் கட்டிப்பிடித்துக்கொள், அதைவிட்டு நகராதே. நடந்துகொண்டே இருக்கும் பிள்ளையைத் தேடும் வட்டம் நிமிஷத்துக்கு நிமிஷம் பெரிதாகிவிடும். மரத்தைப் பிடித்துக்கொண்டால் தனியாக இல்லை என்ற தைரியமும் கொஞ்சம் வரும்.

ஆளுக்கொரு விசிலைக் கழுத்தில் போட்டு, விட்டு விட்டு ஊதச் சொல்லிக்கொடுங்கள். பளிச்சென்ற நிறத்தில் சட்டை போடுங்கள், பச்சையும் பழுப்பும் வேண்டாம். காலையில் கிளம்பும்போது ஒவ்வொரு பிள்ளையையும் செருப்போ ஷூவோ தெரிய ஒரு போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். தேட வருகிறவர்களுக்கு உடையும் தடமும் தெரிய வேண்டும். இன்னொன்று, பெயர் சொல்லிக் கூப்பிடுகிறவர் முன்பின் தெரியாதவராக இருந்தாலும் பதில் கொடுக்க வேண்டும் என்று தெளிவாகச் சொல்லிவிடுங்கள். அந்நியரிடம் பேசாதே என்று வளர்த்த பிள்ளைகள் தேட வந்தவர்களிடமே ஒளிந்துகொள்வதுண்டு. ‘தொலைந்தால் திட்டுவார்கள்’ என்ற பயத்தையும் வீட்டிலேயே எடுத்துவிடுங்கள்.

கேள்வி: கொசு, உண்ணிக்கு என்ன செய்வது? எங்கள் சின்னவளுக்கு இரண்டு வயது.

முழுக்கை சட்டை, முழுநீளக் கால்சட்டை, அதன் நுனி சாக்ஸுக்குள். பூச்சிவிரட்டி வாங்கும்போது லேபிளைப் படியுங்கள்: எலுமிச்சை யூகலிப்டஸ் எண்ணெய் சேர்ந்தவை மூன்று வயதுக்குக் கீழ் கூடாது, டீட் (DEET) என்ற வேதிப்பொருள் சேர்ந்தவை இரண்டு மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்குக் கூடாது. நீங்கள் உங்கள் கையில் எடுத்துப் பூசிவிடுங்கள், அவள் உள்ளங்கையில் படக் கூடாது, வாயில் வைத்துவிடுவாள்.

நடந்துவிட்டு வந்ததும் முழங்காலின் பின்புறம், அக்குள், காதுக்குப் பின்னால், தலைமுடிக்குள் பாருங்கள். உண்ணி எள் அளவுதான் இருக்கும். கடித்துக்கொண்டிருந்தால் நுனி மெல்லிய இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து, திருகாமல் நேராக மேலே இழுங்கள். நெருப்புக் குச்சி, மண்ணெண்ணெய் எதுவும் வேண்டாம். அடுத்த சில வாரத்தில் காய்ச்சலோ தடிப்போ வந்தால் டாக்டரிடம் உண்ணி கடித்ததை மறக்காமல் சொல்லுங்கள்.

கேள்வி: குரங்கு, அணிலுக்குப் பிள்ளைகள் தின்பண்டம் போடலாமா?

கூடாது. ஒருமுறை பழகிய விலங்கு அடுத்த குடும்பத்தின் கையிலிருந்து பிடுங்கும். கடைசியில் தண்டனை அதற்குத்தான்.

கேள்வி: அம்மாவுக்கு எழுபத்திரண்டு வயது, முழங்கால் வலி. விட்டுவிட்டுப் போக மனசில்லை.

விடவே வேண்டாம். தகவல் மையத்தில் கேட்டால் சமதளமான, மரப்பலகை போட்ட சின்னப் பாதைகளைக் காட்டுவார்கள். முழங்காலுக்கு ஏற்றத்தைவிட இறக்கம்தான் எதிரி, அதனால் ஊன்றுகோல் கட்டாயம். அம்மாவையும் ஒரு பேரப்பிள்ளையையும் ஒரு நல்ல நிழலில் உட்காரவைத்து, எத்தனை விதமான பறவைக் குரல் கேட்கிறது என்று எண்ணச் சொல்லுங்கள். அவர்களை அவசரப்படுத்தாதீர்கள். பல நேரம் நடந்து போனவர்களைவிட உட்கார்ந்தவர்கள்தான் அதிகம் பார்த்திருப்பார்கள்.

கேள்வி: மழை வந்துவிட்டால்?

தூறல் என்றால் மழைக்கோட்டைப் போட்டுக்கொண்டு நடங்கள், காட்டின் வாசனையே மாறிவிடும். ஜீன்ஸ் மட்டும் வேண்டாம், நனைந்தால் காயாது, குளிரும். இடி கேட்டால் காருக்கோ கட்டடத்துக்கோ போய்விடுங்கள், கடைசி இடிக்குப் பிறகு 30 நிமிஷம் வெளியே வராதீர்கள். மேலே மலையில் பெய்தால் கீழே ஓடை சட்டென்று ஏறிவிடும், காலையில் தாண்டிய இடம்தானே என்று இறங்காதீர்கள்.

கேள்வி: மகனுக்கு இருட்டென்றால் பயம். ராத்திரியில் வெளியே கூட்டிப்போகலாமா?

கூட்டிப்போங்கள், ஆனால் வாசற்படி வரை. கண் இருட்டுக்குப் பழக இருபது முப்பது நிமிஷம் ஆகும். நடுவில் ஒருமுறை செல்போனைப் பார்த்தால் மறுபடி முதலிலிருந்து. டார்ச்சுக்குச் சிவப்புக் கண்ணாடித்தாள் சுற்றிக்கொள்ளுங்கள், சிவப்பு வெளிச்சம் கண்ணை அவ்வளவாகக் கெடுக்காது. அதை அவன் கையில் கொடுத்து, எப்போது அணைப்பது என்பதை அவனிடமே விட்டுவிடுங்கள். ஐந்து நிமிஷத்தில் உள்ளே போகலாம் என்றால் போய்விடுங்கள். இரண்டாம் ராத்திரியும் இருக்கிறதே.