ஆயுதம் கிடைத்துவிட்டது, அப்புறம் என்ன வாதம்?

கேள்வி: ஒருவருடைய காரில் துப்பாக்கி இருக்கிறது. போலீஸ் கையும் களவுமாகப் பிடிக்கிறது. அதன் பிறகும் ‘எனக்குத் தெரியாது’ என்று சொல்ல ஒரு வழக்கறிஞர் வந்துவிடுகிறார். இது சட்டத்தின் ஓட்டை வழியாகத் தப்பிப்பதுதானே?

பதில்: ‘கையும் களவுமாக’ என்று எழுதியிருக்கிறீர்கள். ஆனால் நீங்கள் சொல்லும் துப்பாக்கி யார் கையிலும் இல்லை. காரில் இருந்தது. அந்தக் காரில் நாலு பேர் வந்திருந்தால் யாரைப் பிடிப்பது? நாலு பேரையுமா? வழியில் ஏறிக்கொண்ட நாலாவது ஆள் உங்கள் மகன் என்று வைத்துக்கொண்டு மறுபடி ஒருமுறை உங்கள் கேள்வியைப் படித்துப் பாருங்கள்.

ஆயுதம் வைத்திருந்த குற்றத்துக்குப் பொதுவாக இரண்டு விஷயங்கள் தேவை. அது அங்கே இருப்பது அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். அது அவருடைய கட்டுப்பாட்டில் இருக்க வேண்டும். இந்திய உச்ச நீதிமன்றம் 1972-ல் குன்வந்த்லால் வழக்கில் இதைத் தெளிவாகச் சொன்னது. அதே தீர்ப்பு எதிர்ப்பக்கமும் வெட்டும்: துப்பாக்கியை வேறொருவரிடம் கொடுத்து வைத்திருந்தாலும், கட்டுப்பாடு உங்களிடம் இருந்தால் அது உங்கள் வசம் இருப்பதுதான். ஆக, ‘தெரியாது’ என்று வாயால் சொன்னால் மட்டும் யாரும் விட்டுவிடப் போவதில்லை. பை யாருடையது, பூட்டின் சாவி யாரிடம், கைரேகை யாருடையது, போனில் என்ன பேசிக்கொண்டார்கள் என்று எல்லாவற்றையும் பார்ப்பார்கள்.

அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1994-ல் இன்னும் ஒரு படி மேலே போனது. ஒருவர் வீட்டில் இருந்த ரைஃபிள், தானியங்கியாகச் சுடும்படி மாற்றப்பட்டிருந்தது. அது அப்படிச் சுடும் என்பது அவருக்குத் தெரியும் என்று அரசு நிரூபித்தாக வேண்டும் என்றது நீதிமன்றம். இங்கிலாந்து இதற்கு நேர்மாறு. டார்ச் லைட் என்று நினைத்து மின் அதிர்ச்சிக் கருவியை வைத்திருந்தவர்களின் வழக்கு 2007-ல் மேல்முறையீட்டுக்கு வந்தது. அது ஆயுதம் என்று தெரியாது என்பது எதிர்வாதமாகாது என்று நீதிபதிகள் சொல்லிவிட்டார்கள். எனக்கு அது நியாயமாகப் படவில்லை. ஆனால் அங்கே வசிப்பவருக்கு அதுதான் சட்டம். வேறு நாட்டுத் தீர்ப்பைக் காட்டித் தப்பிக்க முடியாது.

அப்புறம், சோதனை முறையாக நடந்ததா, கைப்பற்றிய பொருளை உடனே முத்திரையிட்டார்களா, ஆய்வுக்கூடத்துக்குப் போனதும் அதே பொருள்தானா, அது சுடும் நிலையில் இருந்ததா என்பதையெல்லாம் வழக்கறிஞர் கேட்பார். கேட்கத்தான் வேண்டும். இந்தியாவில் 2024 ஜூலை 1 முதல் சோதனையையும் கைப்பற்றுதலையும் வீடியோவில் பதிவு செய்யச் சட்டமே சொல்கிறது. போலீஸ் சொல்லை மட்டும் நம்பினால் போதும் என்றால் அந்த விதி எதற்கு?

தண்டனையையும் பாருங்கள். உரிமம் இல்லாத துப்பாக்கிக்கு இந்தியாவில் முன்பு 1 முதல் 3 ஆண்டு. 2019 திருத்தத்துக்குப் பிறகு 2 முதல் 5 ஆண்டு. தவறான ஆள் மாட்டினால் அவர் இழப்பது அவ்வளவு காலம்.

இப்படி ஒரு சிக்கலில் மாட்டிக்கொண்டவர் யாராவது இதைப் படித்தால் ஒன்று சொல்கிறேன். பதற்றத்தில் ‘அது நண்பனுடையது, போன வாரமே பார்த்தேன்’ என்று உளறிவிடாதீர்கள். நண்பனைக் காட்டிக்கொடுப்பதாக நினைத்து, உங்களுக்கு முன்பே தெரியும் என்பதை நீங்களே ஒப்புக்கொண்டதாகிவிடும். பேசாமல் இருக்கும் உரிமையும் எல்லா நாட்டிலும் ஒரே மாதிரி இல்லை. விசாரணையில் சொல்லாமல் விட்டதைப் பின்னால் நீதிமன்றத்தில் சொன்னால், இங்கிலாந்தில் அந்த மௌனத்தையே உங்களுக்கு எதிராக எடுத்துக்கொள்ள இடமுண்டு. அதனால் எதைச் சொல்வது, எதைச் சொல்லாமல் இருப்பது என்று நீங்களாக முடிவு செய்யாதீர்கள். பெயரையும் முகவரியையும் சொல்லுங்கள், சோதனையைத் தடுக்காதீர்கள், வழக்கறிஞர் வரும்வரை காத்திருங்கள்.