ரேட்டிங் 8ஆ 6ஆ என்பதை விடுங்கள், ஒன்பதாம் வகுப்பு எங்கே?

கேள்வி: மத்திய நியூ ஜெர்சியில் ஒரு சின்ன டவுனில் வீடு பார்த்திருக்கிறோம். மகள் 5ஆம் வகுப்பு, மகன் 1ஆம் வகுப்பு. ஊருக்கே ஒரு பள்ளிதான். கிண்டர்கார்டன் முதல் 8 வரை, சுமார் 400 பிள்ளைகள். வீட்டு விற்பனைத் தளத்தில் போன வருடம் பத்துக்கு 8 என்றிருந்த பள்ளி ரேட்டிங் இப்போது 6. "அது தானாக ஏறிவிடும், பிராப்பர்ட்டி டாக்ஸும் வருடத்துக்கு 2 சதவீதத்துக்கு மேல் ஏற முடியாது, சட்டமே இருக்கிறது" என்கிறார் ஏஜென்ட். அந்த ஊரில் இருக்கும் நண்பரோ, மாநில உதவி குறைந்து ஆசிரியர்களை நிறுத்திவிட்டார்கள் என்கிறார். வாங்கலாமா?

பதில்: சகோதரி, 8 ஆக இருந்தது 6 ஆகிவிட்டதே என்று அந்த வீட்டை விட்டுவிட வேண்டாம். 2 சதவீதப் பேச்சை நம்பி வாங்கிவிடவும் வேண்டாம். உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். கேட்டிருக்க வேண்டிய முதல் கேள்வி அதில் இல்லை. 8ஆம் வகுப்போடு முடிகிற பள்ளி அது. இன்னும் நாலு வருடத்தில் உங்கள் மகள் 9ஆம் வகுப்புக்கு எங்கே போவாள்? அதற்குப் பிறகு வருகிறேன். முதலில் உங்களைத் தூங்கவிடாமல் செய்யும் அந்த 6.

400 பிள்ளைகளை 9 வகுப்பாகப் பிரித்தால் வகுப்புக்கு 44 பேர். மாநிலத் தேர்வு 3ஆம் வகுப்பிலிருந்துதான். 44 பேரில் ஒரு பிள்ளை என்பது 2 சதவீதத்துக்கும் மேல். நாலு பிள்ளைகள் அன்றைக்குச் சரியாக எழுதாமல் போனாலோ, நன்றாகப் படிக்கும் பிள்ளைகள் இருந்த நாலு குடும்பங்கள் ஊர் மாறினாலோ, அந்த வகுப்பின் தேர்ச்சி 9 சதவீதம் ஆடிவிடும். பள்ளியில் எதுவுமே மாறியிருக்காது. அதே ஆசிரியர்கள், அதே பாடம். பெரிய டவுனில் இந்த ஆட்டம் தெரியாது, சின்ன ஊரில் பேயாட்டமாகத் தெரியும். ஆகவே ஒரு வருட எண்ணைப் பார்க்காதீர்கள். மாநிலக் கல்வித்துறை ஒவ்வொரு பள்ளிக்கும் வருடாவருடம் ஒரு செயல்திறன் அறிக்கை வெளியிடுகிறது. அதில் 'வளர்ச்சி' என்று ஒரு எண் இருக்கும். ஒரு பிள்ளை தன்னைப் போலவே முன்பு மதிப்பெண் வாங்கிய மற்றப் பிள்ளைகளோடு ஒப்பிட்டால் இந்த வருடம் எவ்வளவு முன்னேறியது என்பதைச் சொல்வது அது. 50 என்றால் நடுத்தரம். மூன்று வருடம் தொடர்ந்து 40க்குக் கீழே இருந்தால் கவலைப்படுங்கள். தேர்ச்சி விகிதம் பெரும்பாலும் அந்த ஊர்ப் பெற்றோரின் வருமானத்தைத்தான் காட்டும். பள்ளி என்ன சொல்லிக் கொடுக்கிறது என்பதை வளர்ச்சி எண்தான் ஓரளவாவது காட்டும்.

இங்கே ஒரு விஷயம். 1968ஆம் ஆண்டின் வீட்டுவசதிப் பாகுபாடு தடுப்புச் சட்டத்தை மதிக்கும் ஏஜென்ட், 'இந்தப் பள்ளி நல்ல பள்ளி, அந்தப் பள்ளி வேண்டாம்' என்று சொல்லத் தயங்குவார். பள்ளியைச் சாக்காக வைத்து இன்னார் இங்கே, இன்னார் அங்கே என்று ஆட்களைத் திருப்பிவிடும் பழக்கம் இந்த நாட்டில் நெடுங்காலம் இருந்தது. அப்படியிருக்க, "ரேட்டிங் ஏறிவிடும்" என்று ஒருவர் உத்தரவாதம் தருகிறார் என்றால், மற்ற விஷயங்களில் அவர் சொல்வதையும் ஒருமுறைக்கு இருமுறை சரிபாருங்கள்.

இனி 2 சதவீதம். 2010இல் வந்த சட்டம் அது. உங்கள் வீட்டு வரிக்கு அது வரம்பு போடவில்லை. பள்ளி மாவட்டம், அதாவது ஊரின் அரசுப் பள்ளிகளை நடத்தும் அமைப்பு, ஊர் முழுவதிலும் இருந்து வசூலிக்கும் மொத்தத் தொகைக்குத்தான் வரம்பு. வீடுகளின் மதிப்பை ஊர் முழுக்க மறுபடி கணக்கிட்டால், மொத்த வசூல் 2 சதவீதமே ஏறினாலும் உங்கள் வீட்டுக்கு 12 ஏறலாம். கட்டடத்துக்கு வாங்கிய கடனின் தவணை இந்த வரம்புக்குள் வராது. ஆசிரியர்களின் மருத்துவக் காப்பீட்டுச் செலவு எகிறினால் அதற்கும் விலக்கு உண்டு. வாக்காளர்கள் ஒப்புக்கொண்டால் எவ்வளவும் ஏற்றலாம். மாநிலத்தின் சராசரி வீட்டு வரி 2024இல் 10,000 டாலரைத் தாண்டியது, அதில் பாதிக்கு மேல் பள்ளிக்குத்தான் போகிறது. வரம்பு இருந்த காலத்திலேயேதான் இதெல்லாம் நடந்தது.

வரம்பு சின்ன ஊரை எப்படி நெரிக்கிறது என்று ஒரு கணக்குப் போட்டுக் காட்டுகிறேன். உங்கள் பள்ளி வரியாக 80 லட்சம் டாலர் வசூலிக்கிறது என்று வையுங்கள். 2 சதவீதம் என்றால் அடுத்த வருடம் கூடுதலாகக் கிடைப்பது 1,60,000. சம்பள உயர்வு, பஸ், மின்சாரம் எல்லாம் இதற்குள். இந்த நிலையில் வேறு பள்ளியில் விசேஷப் பயிற்சி தேவைப்படும் ஒரு குழந்தை ஊருக்கு வருகிறது, அதற்கு வருடம் ஒரு லட்சம் டாலர் ஆகிறது என்றால், மாநிலம் ஒரு பகுதியைத் திருப்பித் தந்தாலும் அந்த வருடத்து உயர்வு பெரும்பாலும் தீர்ந்தது. அந்தக் குழந்தைக்கு அந்தப் படிப்பு உரிமை; அந்தப் பெற்றோரைப் பழிக்கிற பேச்சை, பள்ளி மாவட்டத்தை நிர்வகிக்கும் போர்டின் மீட்டிங்கில் கேட்கும்போதெல்லாம் எனக்கு வயிறு எரிகிறது. குற்றம் குழந்தை மேல் இல்லை. ஒரு குழந்தையின் செலவையே தாங்க முடியாத அளவுக்கு மாவட்டங்களைத் துண்டு துண்டாக வைத்திருக்கிறார்களே, அதுதான் குற்றம்.

நண்பர் சொல்கிற மாநில உதவிக்கு வருவோம். 2008இல் வந்த நிதிச் சூத்திரம், ஒரு ஊர் தன் பிள்ளைகளுக்குத் தானே எவ்வளவு செலவழிக்க முடியும் என்பதை அந்த ஊரின் சொத்து மதிப்பையும் வருமானத்தையும் வைத்துக் கணக்கிடுகிறது. வசதியானவர்கள் வந்து வீட்டு விலை ஏற ஏற, 'இந்த ஊர் தானே கட்டிக்கொள்ளும்' என்று மாநிலம் கையைச் சுருக்குகிறது. 2018இல் கொண்டுவந்த திருத்தம், சூத்திரம் சொல்வதைவிட அதிகமாகப் பெற்றுவந்த மாவட்டங்களின் உதவியை ஏழு வருடத்தில் படிப்படியாக வெட்டியது. ஊருக்கு எவ்வளவு வரும் என்பது ஆளுநரின் பட்ஜெட் உரைக்குப் பிறகுதான், அதாவது பிப்ரவரி கடைசியிலோ மார்ச்சிலோ தெரியும். மார்ச்சுக்குள் வரைவு பட்ஜெட்டை முடிக்க வேண்டும், ஜூலை 1 புது நிதியாண்டு. சில வாரத்தில் எந்த ஆசிரியரை நிறுத்துவது என்று சம்பளமில்லாமல் உட்கார்ந்திருக்கும் போர்டு உறுப்பினர்கள் முடிவெடுக்க வேண்டியிருக்கிறது. குடும்ப பட்ஜெட்டைக்கூட யாரும் இப்படிப் போடமாட்டார்கள். 20 வருடத்துக்கு மேலாகப் பள்ளி மாவட்டங்களின் கணக்கைத் தணிக்கை செய்கிறேன். ஒவ்வொரு மார்ச்சிலும் இதே பதற்றம்தான்.

இப்போது அந்த ஒன்பதாம் வகுப்பு. இங்கே கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள்.

உயர்நிலைப் பள்ளி இல்லாத ஊருக்குப் பொதுவாக இரண்டு வழிகள். ஒன்று, பல ஊர்கள் சேர்ந்து நடத்தும் பிராந்திய மாவட்டம். அப்படியென்றால் உங்கள் வரி பில்லில் அதற்குத் தனி வரி ஒன்று இருக்கும், பார்த்துவிடுங்கள். மற்றொன்று, பக்கத்து ஊர்ப் பள்ளிக்குக் கட்டணம் கட்டி அனுப்புவது. அனுப்பும் மாவட்டம், ஏற்கும் மாவட்டம் என்பார்கள். கிரான்பரி பிள்ளைகள் 8 முடித்துப் பிரின்ஸ்டன் உயர்நிலைப் பள்ளிக்குப் போவது இப்படித்தான். அனுப்பும் ஊரின் பிள்ளைகள் ஏற்கும் பள்ளியின் அந்த வகுப்புகளில் 10 சதவீதமாவது இருந்தால், ஏற்கும் போர்டில் ஒரு இடம் கிடைக்கும். அந்த உறுப்பினரும் சில விஷயங்களில் மட்டுமே வாக்களிக்கலாம். 10க்குக் கீழே என்றால் அதுவும் இல்லை. உங்கள் மகளின் நாலு வருடப் படிப்பைத் தீர்மானிக்கும் போர்டைத் தேர்ந்தெடுக்க உங்களுக்கு வாக்கே கிடையாது என்று அர்த்தம். கட்டணமும் முதலில் உத்தேசமாகத்தான் போடப்படும். தணிக்கை முடிந்து உண்மையான செலவு தெரிந்த பிறகு, இரண்டு வருடம் கழித்து வித்தியாசத்தைக் கேட்பார்கள். சின்ன ஊரின் பட்ஜெட்டில் இது திடீரென்று விழும் பள்ளம்.

"அந்த உயர்நிலைப் பள்ளி பிடிக்கவில்லை, ஊர்க்காரர்கள் சீக்கிரம் வேறு பள்ளிக்கு மாற்றப் போகிறார்கள்" என்று ஏஜென்ட் சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள். அது ஊர்க்காரர்கள் கையில் இல்லை. மாநிலக் கல்வி ஆணையர் சம்மதிக்க வேண்டும். படிப்பு, பணம், மாணவர்களின் இனக் கலப்பு மூன்றிலும் பெரிய பாதிப்பு இல்லை என்று நிரூபிக்க வேண்டும். எங்கிள்வுட் கிளிஃப்ஸ் என்ற ஊர் எங்கிள்வுட்டிலிருந்து விலகப் பார்த்தது. எங்கிள்வுட் பள்ளியில் கறுப்பின, லத்தீன் மாணவர்கள் அதிகம். வழக்கு மாநில உச்ச நீதிமன்றம் வரை போய், 1990களில் முடியாது என்று தீர்ந்தது. பென்சாக்கனோடு இருந்த மெர்ச்சன்ட்வில் விலகி ஹேடன் ஹைட்ஸுக்கு மாறியது உண்மைதான். அதற்கு அவர்கள் பட்ட பாட்டையும், ஆய்வறிக்கைக்கும் வக்கீலுக்கும் ஆன செலவையும் யாரும் விளம்பரத்தில் போடுவதில்லை.

இதையெல்லாம் சேர்த்து ஒரே மாவட்டமாக்கினால் என்ன என்று நீங்கள் கேட்பீர்கள். 564 ஊராட்சிகளுக்குக் கிட்டத்தட்ட 600 பள்ளி மாவட்டங்கள்! 2007இல் இணைப்புக்குத் திட்டம் போடச் சட்டம் வந்தது. பெரும்பாலும் காகிதத்தோடு நின்றது. லாம்பர்ட்வில், ஸ்டாக்டன், வெஸ்ட் ஆம்வெல் மூன்றும் 2014இல் ஒன்றாயின, 2024இல் ஹைலேண்ட்ஸும் அட்லான்டிக் ஹைலேண்ட்ஸும் ஒன்றாயின. முடியும் என்பதற்கு இவை சாட்சி. மனம்தான் இல்லை. ஒவ்வொரு ஊருக்கும் தன் பெயரில் ஒரு பள்ளி, ஒரு கண்காணிப்பாளர் வேண்டுமாம்.

இரண்டு எச்சரிக்கைகள் சொல்லிவிடுகிறேன், நம் மக்கள் திரும்பத் திரும்ப மாட்டிக்கொள்வதால்.

அஞ்சல் முகவரியை நம்பாதீர்கள். பிரின்ஸ்டன் என்று முகவரி இருக்கும். வீடு சவுத் பிரன்ஸ்விக்கிலோ லாரன்ஸிலோ இருக்கும், பள்ளியும் அந்த ஊருடையது. வரி பில்லில் எந்த ஊராட்சியின் பெயர் அச்சாகியிருக்கிறதோ அதுதான் உங்கள் ஊர்.

அடுத்தது, "இப்போதைக்கு இந்த ஊர் முகவரியில் ஒரு வாடகை ஒப்பந்தம் எழுதித் தருகிறேன், பிள்ளையைச் சேர்த்துவிடுங்கள்" என்பவர்கள். எனக்குத் தெரிந்த ஒரு குடும்பம் இதற்குப் பணம் கொடுத்தது. மாவட்டம் ஆளை வைத்துக் காலையில் வீட்டைக் கவனித்தது. பிள்ளையைப் பள்ளியாண்டின் நடுவில் நீக்கிவிட்டு, படித்த நாட்களுக்குக் கட்டணமும் கேட்டார்கள். ஒப்பந்தம் எழுதிக் கொடுத்தவர் தொலைபேசியை எடுக்கவில்லை. அந்தச் சிறுமி தோழிகளிடம் ஒரு வார்த்தை சொல்லிக்கொள்ளாமல் வந்தாள். தயவுசெய்து இதைச் செய்யாதீர்கள்.

உங்கள் வீட்டுக்கு இனி செய்ய வேண்டியது கொஞ்சம்தான். மாவட்டத்தின் இணையதளத்தில் 'யூசர் ஃப்ரெண்ட்லி பட்ஜெட்' என்று ஒன்று இருக்கும். எல்லா மாவட்டமும் கட்டாயம் போட வேண்டும். அதில் மூன்று எண்கள் போதும்: மாநில உதவி, பிள்ளைகளின் எண்ணிக்கை, வெளிப் பள்ளிகளுக்குக் கட்டும் கட்டணம். சில வருடத்து எண்களை வரிசையாக எழுதிப் பாருங்கள். பிள்ளைகள் குறைய, கட்டணம் ஏற, உதவி சுருங்கிக்கொண்டே வந்தால், நண்பர் சொன்னது சரி. உங்கள் மகன் 5ஆம் வகுப்புக்கு வரும்போது இன்னும் ஆசிரியர்கள் குறைந்திருப்பார்கள். மூன்றும் ஒரு நிலையில் இருந்து, ஒன்பதாம் வகுப்பு எந்தப் பள்ளி என்பதும் உங்களுக்குச் சம்மதமென்றால், அந்த 6ஐ மறந்துவிட்டு வாங்குங்கள். அதற்கு முன் அந்த உயர்நிலைப் பள்ளியை ஒரு நாள் நேரில் போய்ப் பாருங்கள். அடுத்த போர்டு மீட்டிங்குக்கும் போய்ப் பின்வரிசையில் உட்காருங்கள். உள்ளே விட மறுக்க முடியாது, 1975ஆம் ஆண்டுச் சட்டப்படி அது பொதுக் கூட்டம்.

ஏஜென்ட் அவசரப்படுத்துவார். நியூ ஜெர்சியில் ஏஜென்ட் தயாரிக்கும் ஒப்பந்தத்தில் கையெழுத்தான பிறகு வக்கீல் பார்த்துச் சொல்ல மூன்று வேலை நாட்கள் உண்டு. அந்த மூன்று நாளில் வக்கீலிடம் வரி பில்லைக் கொடுத்து, ஊரின் பெயரையும், ஒன்பதாம் வகுப்பு எந்த மாவட்டம் என்பதையும் எழுத்தில் வாங்கிவிடுங்கள்.