பெங்களூரில் லேஅவுட் மைதானத்தைச் சுற்றி வேலி போட அனுமதி வேண்டுமா?

லிங்கராஜபுரம் பக்கம் பையன்கள் ஆடும் மைதானத்துக்குக் குடியிருப்போர் சங்கச் செலவிலேயே கம்பி வேலி போடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். காசு உங்களுடையது, சரி. நிலம் யாருடையது?

லேஅவுட் வரைபடத்தில் விளையாட்டுத் திடல் என்று ஒதுக்கிய இடம் பெரும்பாலும் பிடிஏ (பெங்களூரு வளர்ச்சி ஆணையம்) கையிலோ மாநகராட்சி கையிலோ இருக்கும். 2025 செப்டம்பரில் பிபிஎம்பி என்ற ஒரே பெருநகர மாநகராட்சி போய் ஐந்து மாநகராட்சிகள் வந்துவிட்டன. உங்கள் ஏரியா எதில் வருகிறது என்று பார்த்து, அங்கே மனுக் கொடுங்கள். எழுத்தில் பதில் வராமல் ஒரு கம்பம்கூட நட வேண்டாம். கவுன்சிலரோ எம்எல்ஏவோ "போட்டுக்கோங்க" என்று வாயால் சொன்னது அனுமதி ஆகாது.

பூங்கா, விளையாட்டுத் திடல்களைக் காக்கக் கர்நாடகத்தில் 1985-லேயே தனிச் சட்டம் வந்தது. பெங்களூரில் பூங்காவுக்கு ஒதுக்கிய இடத்தை நர்சிங் ஹோம் கட்டத் தனியார் அறக்கட்டளைக்குக் கொடுத்தது செல்லாது என்று 1991-ல் உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது. மருத்துவமனைக்கே அந்தக் கதி! வேலி சின்ன விஷயம்தான், ஆனால் கேட்டைப் பூட்டிச் சாவியைச் சங்கம் வைத்துக்கொண்டால், பொது இடத்தை வளைத்துவிட்டார்கள் என்று பக்கத்துத் தெருக்காரர் புகார் கொடுக்க வழி பிறக்கும். அதனால் கேட் எத்தனை, எப்போது திறந்திருக்கும் என்பதையும் மனுவிலேயே எழுதுங்கள்.

சுவரைவிடக் கம்பி வலை நல்லது. உள்ளே நடப்பது வெளியே தெரியும். வழியில் மரம் நின்றால் வெட்ட மர அதிகாரியின் அனுமதி தனியாக வேண்டும். பக்கத்தில் ராஜகால்வாய் (பெரிய மழைநீர் வடிகால்) ஓடினால் கம்பத்தைத் தள்ளியே நடுங்கள், அதில் வாதாடிப் பயனில்லை.