போகிமான் மேசையில் காசு பேசாமல் இருக்க

கேள்வி: மதுரை திருநகரில் எங்கள் குடியிருப்போர் சங்க அறையில் ஞாயிறுதோறும் பத்துப் பன்னிரண்டு பிள்ளைகள் போகிமான் கார்டு ஆடுகிறார்கள். வயது 9 முதல் 16 வரை. இரண்டு பையன்களிடம் மட்டும் விலை உயர்ந்த கார்டுகள் இருக்கின்றன, எப்போதும் அவர்களே ஜெயிக்கிறார்கள். பொம்மைக் கடையில் வாங்கிய தங்க நிறக் கார்டோடு வந்த ஒரு பையனை 'டூப்ளிகேட்' என்று கேலி செய்தார்கள், அவன் இப்போது வருவதில்லை. இரண்டு பெண் பிள்ளைகளும் நின்றுவிட்டார்கள். சங்கத்துப் பெரியவர் ஒருவர் இதைச் சீட்டாட்டம் என்கிறார். பெரிய செலவில்லாமல் இதைச் சரிசெய்ய வழி உண்டா?

பதில்: உண்டு. நீங்கள் எழுதியிருப்பதில் பாதி, பிள்ளைகளின் குணம் சம்பந்தப்பட்டது போலத் தெரிகிறது. வேர் வேறு இடத்தில் இருக்கிறது. அவரவர் டெக்கை (ஆடுவதற்கான கார்டுக் கட்டு) அவரவர் வீட்டிலிருந்து கொண்டுவரும் வரை அப்பாவின் சம்பளமும் கூடவே வந்து மேசையில் உட்காரும். முதல் வேலையாக டெக்குகளைச் சங்கத்துக்குச் சொந்தமாக்குங்கள்.

முழு டெக் 60 கார்டு. ஒரே பெயருள்ள கார்டு நான்குக்கு மேல் கூடாது (போகிமான் தாக்கத் தேவையான சக்தியைத் தரும் அடிப்படை எனர்ஜி கார்டுக்கு இந்த வரம்பு இல்லை), பரிசுக் கார்டு 6. பரிசுக் கார்டு என்பது தொடக்கத்திலேயே தனியே கவிழ்த்து வைப்பது; எதிராளியின் போகிமானை வீழ்த்தும்போது அதிலிருந்து எடுக்கலாம், முதலில் எல்லாவற்றையும் எடுத்தவர் ஜெயிப்பார். உங்களுக்கு இது வேண்டாம். அரை டெக் போதும்: 30 கார்டு, ஒரே பெயரில் இரண்டு, பரிசுக் கார்டு 3. பன்னிரண்டு பேருக்கு 360 கார்டு. பிள்ளைகள் தூக்கி எறியாமல் டப்பாவில் போட்டு வைத்திருக்கும் சாதாரணக் கார்டுகளிலேயே போகிமானும் எனர்ஜியும் பெரும்பாலும் தேறிவிடும். கார்டின் கீழ் ஓரத்தில் வட்டக் குறி இருந்தால் சாதாரணம், சாய்சதுரம் இருந்தால் அதற்கு அடுத்தபடி. இந்த இரண்டு மட்டும் போதும்.

ஒரு டெக்கில் அடிப்படை போகிமான் (நேரடியாக இறக்கக்கூடியவை) 8, அவற்றிலிருந்து ஒரு படி வளர்பவை 4, ட்ரெய்னர் (ஆட்டக்காரருக்கு உதவும் கார்டு) 8, ஒரே நிற எனர்ஜி 10 என்று வையுங்கள். இரண்டு படி வளர்பவை வேண்டாம், முப்பது கார்டில் அவை வந்து சேர்வதற்குள் ஆட்டம் முடிந்துவிடும். அடிப்படை எட்டு என்பதை மட்டும் குறைக்காதீர்கள். முதலில் எடுக்கும் 7 கார்டில் ஓர் அடிப்படை போகிமானாவது இல்லாவிட்டால் திரும்பக் கலைத்து எடுக்க வேண்டும், எதிராளிக்குக் கூடுதல் கார்டு போகும். அடிப்படை 6 மட்டும் இருந்தால் கிட்டத்தட்ட ஆறு ஆட்டத்துக்கு ஒரு முறை இப்படி ஆகும். 8 இருந்தால் பன்னிரண்டுக்கு ஒரு முறைதான். ஒன்பது வயதுப் பிள்ளைக்கு ஆட்டம் தொடங்கும் முன்பே தோற்ற உணர்வு வருவது பெரும்பாலும் இங்கேதான்.

பெயரோடு ஈ.எக்ஸ், வி, விமேக்ஸ் என்று எழுதியிருக்கும் பலமான போகிமான் கார்டுகளை அரை டெக்கில் சேர்க்காதீர்கள். ஈ.எக்ஸ் வீழ்ந்தால் எதிராளி இரண்டு பரிசுக் கார்டு எடுப்பார். மொத்தமே மூன்று என்னும்போது ஒரே அடியில் ஆட்டம் ஏறக்குறைய முடிந்துபோகும்.

ட்ரெய்னர் கார்டுகள்தான் தட்டுப்பாடாக இருக்கும். அவற்றை அச்சடித்துக்கொள்ளுங்கள். கார்டின் அளவு 63 × 88 மில்லிமீட்டர், ஒரு ஏ4 தாளில் ஒன்பது அடங்கும். பன்னிரண்டு டெக்குக்கு 96 கார்டு என்றால் 11 தாள். கறுப்பு வெள்ளை ஜெராக்ஸே போதும், அதுதான் நல்லதும்கூட. யாரும் அசல் என்று நினைத்து ஏமாற மாட்டார்கள். இதில் இன்னொரு லாபம், எழுத்தைத் தமிழிலேயே அடிக்கலாம். 'கையிலுள்ளதை எல்லாம் கழித்துவிட்டு 7 கார்டு எடு' என்று இருந்தால் தமிழ் வழியில் படிக்கும் பிள்ளை பக்கத்து மேசையைப் பார்த்துக் கேட்க வேண்டியதில்லை. மற்றக் கார்டுகளில் திரும்பத் திரும்ப வரும் ஆங்கிலச் சொற்கள் இருபது இருபத்தைந்துதான் (டிரா, டிஸ்கார்ட், ஷஃபிள், பெஞ்ச், அட்டாச், ரிட்ரீட் இப்படி). அவற்றுக்குப் பொருள் எழுதி மேசைக்கொரு தாள் ஒட்டிவிடுங்கள். பணத்தால் வெளியே நிற்பவர்களைவிட ஆங்கிலத்தால் வெளியே நிற்கும் பிள்ளைகள் அதிகம். அவர்கள் சொல்ல மாட்டார்கள், வராமல் இருந்துவிடுவார்கள்.

அச்சடித்த சீட்டை ஸ்லீவுக்குள் (கார்டு போடும் பிளாஸ்டிக் உறை) ஒரு பழைய கார்டின் முன்னால் செருகுங்கள். இங்கே ஒரு தவறு சகஜமாக நடக்கும். தாள் சேர்ந்த கார்டு மட்டும் தடிக்கும். இரண்டு வாரத்தில் பிள்ளைகளின் விரல் அதைக் கண்டுபிடித்துவிடும், எங்கே வெட்டினால் ட்ரெய்னர் வரும் என்று தெரிந்துபோகும். அதனால் மீதிக் கார்டுகளுக்கும் அதே அளவு வெற்றுத் தாள் ஒன்றை உள்ளே வையுங்கள். ஸ்லீவ் 66 × 91 அளவு, பின்பக்கம் ஊடே தெரியாதது, எல்லாம் ஒரே நிறம். உங்கள் செலவில் பெரும்பகுதி இதுதான். கட்டைச் சுற்றி ரப்பர் பேண்டு போடவே கூடாது. ஓரம் பள்ளம் விழும், நம்மூர் வெயிலில் இளகி ஒட்டிக்கொள்ளவும் செய்யும். பழைய சோப்பு டப்பா எவ்வளவோ மேல். போகிமான் வாங்கிய அடியைக் கணக்கு வைக்கப் புளியங்கொட்டை, ஒன்றுக்கு 10 என்று. பூவா தலையாவுக்கு ஒரு ரூபாய்.

இந்த அச்சுக் கார்டுகள் உங்கள் அறைக்கு மட்டும்தான். அதிகாரப்பூர்வப் போட்டியில் செல்லாது. அங்கே போட்டியின் நடுவே கெட்டுப்போன கார்டுக்குப் பதிலாக நடுவரே எழுதித் தருவது மட்டும்தான் ஏற்பு.

தங்க நிறக் கார்டுப் பையன் விஷயம். கடையில் கட்டாக விற்கும் பளபளப்பான அந்தக் கார்டுகள் போலிதான், அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் சொல்ல வேண்டியது நீங்கள், தனியாக, அவனிடம். சந்தேகமான கார்டையும் நிச்சயம் அசல் என்று தெரிந்த ஓர் எனர்ஜி கார்டையும் கைப்பேசி டார்ச் முன் பிடித்துக் காட்டுங்கள். அசலின் நடுவே ஒளி மறைக்கும் கருந்தாள் அடுக்கு உண்டு. மலிவான போலியில் பெரும்பாலும் வெளிச்சம் ஊடுருவும். பின்பக்க நீலம் வெளுத்திருக்கலாம், எழுத்தின் தடிமன் மாறியிருக்கலாம். பிறகு விதியை எல்லோருக்கும் பொதுவாகச் சொல்லுங்கள்: போலியை மாற்றவோ விற்கவோ கூடாது, வைத்திருப்பது குற்றமில்லை. அவனுக்கு அந்தக் கார்டு பிடித்திருந்தால் டெக் டப்பாவின் மேல் ஒட்டிக்கொள்ளட்டும்.

கார்டு மாற்றிக்கொள்வதில்தான் நிஜமான ஏமாற்று நடக்கும். ஆட்டமெல்லாம் முடிந்த பிறகு, பெரியவர் ஒருவர் முன்னால் மட்டும் மாற்றலாம் என்று வையுங்கள். விலை பார்ப்பதானால் கடைசியாக விற்றுப்போன விலை, விற்பவர் கேட்கும் விலை அல்ல. 14 வயதுக்குக் கீழே என்றால் அடுத்த ஞாயிறு வரை திருப்பிக் கேட்க உரிமை. சிலர் முகம் சுளிப்பார்கள், சுளிக்கட்டும்.

பெண் பிள்ளைகள் ஏன் நின்றார்கள் என்று அவர்களின் அம்மாக்களிடம் கேளுங்கள், பையன்களிடம் அல்ல. 'பொண்ணுகிட்ட தோத்துட்டியாடா' என்பது ஒன்று. அதைவிடத் தொந்தரவு, பின்னால் நின்றுகொண்டு 'அதைப் போடு, இதைப் போடு' என்று ஓயாமல் சொல்லிக்கொடுப்பது. வேடிக்கை பார்ப்பவர் வாய் திறக்கக் கூடாது, எதிராளியின் கார்டைக் கேட்காமல் தொடக் கூடாது, போட்ட கார்டைத் திரும்ப எடுப்பது அடுத்த கார்டு எடுக்கும் வரை மட்டும். இந்த மூன்றும் சுவரில் இருந்தால் போதும். மீறினால் முதல் முறை தனியே கூப்பிட்டுச் சொல்லுங்கள், அடுத்த முறை ஒரு சுற்று வெளியே, அதற்கும் மேல் வீட்டுக்குத் தகவல்.

ஜோடி சேர்ப்பதை முதல் சுற்றில் சீட்டுக் குலுக்கிச் செய்யுங்கள். பிறகு ஒரே எண்ணிக்கை வெற்றி உள்ளவர்களைச் சேர்த்துவிடுங்கள். பன்னிரண்டு பேருக்கு 4 சுற்று, சுற்றுக்கு 20 நிமிடம். பிள்ளைகளையே ஜோடி தேர்ந்தெடுக்க விட்டால் ஒரே பள்ளி, ஒரே தெரு என்று கூடிக்கொள்வார்கள். நம் பக்கத்தில் தெரு என்றால் என்ன பொருள் என்று உங்களுக்குத் தெரியும். பள்ளிகளில் சாதி அடையாளக் கயிறு வேண்டாம் என்று 2024-ல் நீதிபதி சந்துரு குழு பரிந்துரைத்தது. உங்கள் அறைக்கும் அதுவே பொருந்தும்.

அந்த இரண்டு பையன்களை விரட்ட வேண்டாம். மாதம் ஒரு ஞாயிறு சொந்த டெக் நாள். ஆனால் ஒவ்வொரு ஜோடியும் இரண்டு ஆட்டம் ஆட வேண்டும், இரண்டாவதில் டெக்கைக் கைமாற்றிக்கொண்டு. ஜெயித்தது கையா காசா என்று அவர்களுக்கே தெரிந்துவிடும். ஒரே கார்டு சாதாரணப் படத்திலும் வரும், அலங்காரப் படத்திலும் வரும், எழுதியிருக்கும் வேலை ஒன்றுதான் என்பதையும் அன்றைக்கே காட்டலாம்.

பெரியவரின் கவலையை எளிதாகத் தள்ளிவிடாதீர்கள். 1993-ல் மேஜிக் கார்டு விளையாட்டு வந்தபோது ஆளுக்கொரு கார்டைப் பந்தயமாக வைத்து, ஜெயித்தவர் எடுத்துக்கொள்ளும் விதியே அதில் இருந்தது. பிறகுதான் போட்டிகளில் அதைத் தடுத்தார்கள். ஆகவே உங்கள் அறையில் கார்டைப் பந்தயம் வைப்பதோ, நுழைவுக் காசு வசூலித்து ஜெயித்தவருக்குக் கொடுப்பதோ கிடையாது என்று எழுதி ஒட்டுங்கள். மாதச் சந்தா வாங்கினால் ஸ்லீவுக்கும் ஜெராக்ஸுக்கும் மட்டும், கணக்கு அதே சுவரில். அடுத்த ஞாயிறு பத்து மணிக்கு அவரையே அழைத்து, சுற்று முடிந்ததும் மணி அடிக்கும் பொறுப்பைக் கொடுங்கள். தாயக்கட்டை உருட்டி வளர்ந்தவராக இருந்தால் இரண்டாவது சுற்றிலேயே மேசையருகே வந்துவிடுவார். அவரும் வாய் திறக்கக் கூடாது, வேடிக்கை பார்ப்பவர் விதி அவருக்கும் உண்டு.